கடைசி வாங்குக்கும் பாடம் உண்டு

இலவசக் கல்வி இந்நாட்டில் 1945இல் பிறந்தது. கட்டணம் ஒழிந்தது, பாடசாலைக் கதவு ஏழைக்கும் திறந்தது. ஆனால், உள்ளே வந்த பிள்ளைக்குப் பாடம் எட்டுகிறதா?

வன்னியில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. 2009 மே மாதத்தில் முடிந்த யுத்தத்திலே எறிகணையால் கண்ணையும் செவியையும் இழந்த சிறுவர், செட்டிகுளம் முகாம்களில் எழுத்துப் பழகிய சிறுவர் இன்று வளர்ந்துவிட்டனர். அவர்களுக்குப் பின்வந்த தலைமுறையிலும் பார்வை மங்கிய பிள்ளை, செவி கேளாத பிள்ளை, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை, வயல்வேலைக்குப் போவதால் வரவு குறைந்த பிள்ளை எனப் பலரும் உளர். பாடமோ, எங்குமே இல்லாத ஒரு 'சராசரிப் பிள்ளை'க்காக நடத்தப்படுகிறது. அதனை எட்டாதோர்க்கு 'மந்தம்' என்று பெயர் சூட்டப்படுகிறது!

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. வீட்டில் இருப்பது ஒரே தொலைபேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும், பிள்ளைகளோ மூவர். இந்த வீட்டை நினையாமல் வகுத்த இணையவழிக் கல்வி யாருக்குக் கல்வி?

"நாற்பது நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப்பாடம் நடத்த முடியுமா?" என்று கேட்போர் உளர். தனிப்பாடம் வேண்டாம், ஒரே பாடத்துக்குப் பல வாயில்கள் வேண்டும். நீர்ப்பாசனம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்தின் கட்டையும் துருசையும் களிமண்ணால் செய்து வைத்தால், பார்வையற்ற பிள்ளை தடவி அறியும். பெரிய எழுத்தும் படமும் செவி கேளாத பிள்ளைக்குத் துணையாகும். சிறுபோகத்துக்கு நீர் திறப்பதைக் கமக்காரன் மகள் வாயால் சொல்லட்டும், அதுவும் விடைதான். இணையவழியில் குரற்பதிவோடு எழுத்து வடிவமும், தொலைபேசி இல்லாத வீட்டுக்கு அச்சிட்ட தாளும் போகட்டும்.

இது கருணையன்று, உரிமை. மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வி நிலைய அனுமதியில் பாகுபாடு காட்டலாகாது என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். உட்படுத்தல் கல்வியை வலியுறுத்தும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் 2016இல் இலங்கை ஏற்றது. அனுமதி கொடுத்துவிட்டுப் பாடத்தை மறுப்பதும் பாகுபாடே.

இச்சுமையை ஆசிரியர் தோளில் மட்டும் ஏற்றுவது அநீதி. பிறெயில் நூலும், சைகைமொழி அறிந்த ஆசிரியரும், விசேட கல்விப் பயிற்சியும் வன்னியின் கடைக்கோடிக் கிராமத்துப் பாடசாலைக்கும் வந்தாக வேண்டும். அதற்கு நிதி ஒதுக்குவது அரசின் கடன். ஒதுக்கும்வரை கேட்பது ஆசிரியரும் மாணவருமாகிய நம் கடன். கடைசி வாங்கைக் கருதி அமைத்த பாடம் முதல் வாங்குக்கும் விளங்கும். முதல் வாங்குக்கென்றே அமைத்த பாடம் அங்கேயே நின்றுவிடும்.