விழித்திருப்பவர் யார்?

அகரத்திலும் தாடிக்கொம்பிலும் திண்டுக்கல் நகரிலும் வாழும் நமக்குக் கடல் என்பது தொலைதூரச் செய்தி. குடகனாறு பல மாதங்கள் வெறும் மணலாய்க் கிடப்பதைக் கண்டு பழகியவர்கள் நாம். ஆயினும், நடுக்கடலில் ஒரு சிறு பாய்மரப் படகில் வாழ்ந்தோரின் நாட்கள், நீர் அரிதான இம்மண்ணில் குடும்பம் நடத்தும் நமக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை இன்று சற்றே சிந்திப்போம்.

2024 அக்டோபர் 2 அன்று 'தாரிணி' என்னும் இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு, உலகைச் சுற்றிவரக் கோவாவிலிருந்து புறப்பட்டது. அதன் நீளம் 56 அடி. அதிலிருந்தோர் இருவரே. ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்துத் தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில் மட்டும் கரை தொட்டு, 25,000 கடல் மைலுக்கு மேல் காற்றின் விசையாலேயே கடந்து, 2025 மே 29 அன்று அவ்விருவரும் கோவா திரும்பினர்.

வழியில், 2025 ஜனவரி 30 அன்று, பசிபிக் பெருங்கடலின் 'நெமோ முனை'யை அவர்கள் கடந்தனர். உலகிலேயே நிலத்திற்கு மிகவும் தொலைவில் உள்ள இடம் அதுவே. அதற்கு மிக அருகிலுள்ள நிலமும் ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் வானில் சுற்றும் விண்வெளி நிலையம் அப்பகுதிக்கு மேலே செல்லும்போது, கரையிலுள்ள மக்களைக் காட்டிலும் அதிலுள்ளோரே அருகில் இருப்பவராவர். அத்தகைய இடத்தில் ஒருவருக்கு மற்றொருவரை அன்றி வேறு மனிதத் துணை ஏது?

படகின் சட்டம்

இத்தகைய படகுகளில் தரை ஒருபோதும் சமமாக இராது. படகு சாய்ந்தாலும் பாத்திரம் கவிழாதிருக்க, அடுப்பை ஊஞ்சல்போல் ஆடும்படி பொருத்தியிருப்பர். உறங்குவோர் உருண்டு விழாதிருக்கப் படுக்கையின் ஓரத்தில் துணியைத் தடுப்பாகக் கட்டியிருப்பர். மேல்தளத்திற்குச் செல்வோர் தம் உடலைக் கயிற்றால் படகோடு பிணைத்துக் கொள்வர்.

இவை அனைத்தினும் முக்கியமானது காவல் முறை. இருவர் உள்ள படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் பொறுப்பேற்க வேண்டும். காற்று திசை மாறுகிறதா, பாய் கிழிகிறதா, எதிரே கப்பலின் விளக்குத் தெரிகிறதா எனக் கவனிக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு மணி நேரம் கழிந்ததும் உறங்கியவர் எழுந்து காவலை ஏற்பார். விழித்திருந்தவர் படுக்கச் செல்வார். எழ வேண்டியவர் அரைமணி நேரம் தாமதித்தால், அந்த அரைமணி நேரம் மற்றவரின் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதே ஆகும். ஓய்வற்றவரின் கண் தவறும், கை தவறும், அதனால் ஆபத்து இருவருக்குமே. ஆகவே காவல் மாற்றுவது அங்கே தயவன்று. உயிர் காக்கும் ஒழுங்கு.

அன்புச் சகோதரர்களே! நம் இல்லங்களில் காவல் மாறுகிறதா? ரமலானில் ஸஹர் உணவுக்காக முதலில் எழுபவர் யார்? அனைவரும் உண்டபின் பாத்திரம் கழுவிக் கடைசியில் படுப்பவர் யார்? காய்ச்சலால் துடிக்கும் குழந்தையின் அருகில் இரவெல்லாம் அமர்ந்திருப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றே. ஒருவரே எப்போதும் விழித்திருக்கும் படகு எத்தனை நாள் ஓடும்?

"தோல் பதனிடும் சாலையிலும் பூட்டுப் பட்டறையிலும் கடையிலும் பகலெல்லாம் உழைத்து வருகிறவனுக்கு ஓய்வு வேண்டாமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அவருக்கும் ஓய்வு கட்டாயம் வேண்டும். எல்லோரும் எல்லா வேலையையும் சரிசமமாகச் செய்ய வேண்டும் என்பதன்று படகின் சட்டம். எவரும் ஓய்வின்றி விடப்படலாகாது என்பதே அதன் சாரம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அப்பெருமானாரைவிடப் பொறுப்புகள் மிகுந்தவர் நம்மில் எவர்?

நீரின் அளவு

கடலில் நீருக்குக் குறைவில்லை, குடிநீருக்கே குறைவு. உப்புநீரை நன்னீராக்கும் கருவி இன்று இத்தகைய படகுகளில் உண்டு. ஆயினும் அது பழுதுபட்டால் தொட்டியில் உள்ளதே மிச்சம். ஆகையால் கடலோடிகள் கழுவுவதற்கு இயன்றவரை கடல்நீரையே பயன்படுத்தி, நன்னீரைக் குடிப்பதற்கென்று காப்பர்.

இச்சிக்கல் புதிதன்று. கடலில் செல்லும் தாங்கள் சிறிதளவு நீரையே கொண்டு செல்வதாகவும், அதில் உளூச் செய்தால் தாகத்தால் வாட நேரும் என்றும் நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் முறையிட்டார். கடல்நீர் தூய்மையானதே என்று அப்பெருமானார் அனுமதி அளித்தார்கள். இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவான ஒரு 'முத்து' நீரில் அவர்களே உளூச் செய்துள்ளார்கள் என்பதும் நாம் அறிந்ததே.

நம் பகுதியிலோ, ஆத்தூர் காமராசர் அணை நீரும் காவிரி நீரும் குழாய் வழியே வந்து சேர்ந்தால்தான் பல வீடுகளில் அடுப்பெரியும். அந்த நீருக்காகக் காத்திருந்து குடம் சுமக்கும் பெண்ணுக்கு அதன் அளவு தெரியும். சுமக்காதவருக்கோ, குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுவது இயல்பாகிவிடுகிறது. நீரை வீணாக்காதீர் என்று நூறு முறை உபதேசிப்பதைவிட, வீட்டிலுள்ள ஆண் பிள்ளைகளைப் பத்து நாள் குடம் தூக்கச் செய்வது மேல் என்பதே என் கருத்து.

மேல்தளமும் கீழ்த்தளமும்

ஒரே கப்பலின் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பயணம் செய்தவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய உவமை நாம் பலமுறை கேட்டது. நீருக்காக மேலே சென்று வந்த கீழ்த்தளத்தார், மேலிருப்போருக்குத் தொல்லை கொடுக்காதிருக்கத் தம் பகுதியில் துளையிட எண்ணினர். தடுக்காவிடில் அனைவரும் மூழ்குவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். தீமையைத் தடுக்க வேண்டும் என்பதே அதன் நேர்ப்பொருள். அத்துடன் மேல்தளத்தார் தம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: கீழே இருப்பவர்களுக்கு நீர் எட்டுகிறதா? குடும்பத்தில் சலிப்பும் பிணக்கும் வெடித்தபின் கடிந்து கொள்வதைவிட, அதற்கு முன்பே சுமையைக் கேட்டறிவது அறிவுடைமை அன்றோ?

கடலோடிகளிடம் இந்த உணர்வு இருந்ததற்கு ஒரு சான்று. 2018இல் உலகைச் சுற்றும் தனிப்படகுப் போட்டியில் கலந்துகொண்ட கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு, தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரத்தை இழந்தது. முதுகில் பலத்த காயமுற்று, நகர முடியாமல் அவர் படுத்திருந்தார். அதே புயலில் அயர்லாந்து வீரர் கிரெகர் மக்குக்கினின் படகும் பாய்மரத்தை இழந்திருந்தது. ஆயினும் அவர் கிடைத்ததைக் கொண்டு தற்காலிகப் பாய் கட்டி, அபிலாஷ் இருந்த திசை நோக்கிப் புறப்பட்டார். செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் இருவரையும் மீட்டது. தன் மரம் முறிந்த நிலையிலும் அடுத்தவரை நோக்கிச் சென்றவர் அவர். போட்டியாளரிடத்தே அத்தகைய பரிவு இருக்குமாயின், ஒரே கூரையின் கீழ் வாழ்வோரிடத்தே அது எவ்வளவு இருக்க வேண்டும்!

ஆகவே அன்பர்களே, இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் குடும்பத்தாருடன் அமர்ந்து பேசுங்கள். விடியலில் நீர் பிடிக்க எழுபவர் யார், நோயாளியின் அருகில் எந்த இரவு யார் இருப்பது, வாரத்தில் எந்த நாள் இல்லத்தரசி முதலில் உறங்கச் செல்வது என்று முறை வகுத்துக் கொள்ளுங்கள். வகுத்தபடி, அழைப்பதற்கு முன்பே எழுந்து காவலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒருவர் சுமையை ஒருவர் அறிந்து வாழும் இல்லங்களாக நம் இல்லங்களை ஆக்கிட வல்ல இறைவன் அருள்புரிவானாக!