248-ஆம் படி

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் படிதோறும் மஞ்சள், குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றுவார்கள். கீழ்ப்படியை ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டு ஏறச் சொல்லுங்கள், பிள்ளை தன் பிறந்தநாளில் போய் நிற்கும். இந்தப் பக்கத்தில் பிறந்த ராதாகிருஷ்ணனின் செப்டம்பர் 5, 248-ஆம் படி. ஊர் ஆந்திரத்திலிருந்து நம்மோடு சேர்ந்த ஏப்ரல் 1, 91-ஆம் படி. “அது 1960, லீப் வருஷமாச்சே, 92 இல்லையா?” என்று ஒரு பிள்ளை கேட்டால், அதைவிட நல்ல கணக்கு வகுப்பு எது?

பள்ளிக் கட்டடத்திலும் இதைச் செய்யலாம். டெல்லி ‘விந்யாஸ்’ அமைப்பின் கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பேயி, யுனிசெஃப் துணையோடு உருவாக்கிய ‘பாலா’ முறையின் கருத்து அதுதான்: கட்டடமே கற்கும் கருவி. பல பள்ளிகளில் இது சுவரில் படம் வரைவதாகச் சுருங்கிவிட்டது. பெயிண்ட் அடிப்பதில் தவறில்லை. ஆனால் படம் சில நாளில் கண்ணுக்குப் பழகிப்போகும். கதவு திறக்கும் இடத்தில் தரையில் கோணமானி வரைந்து பாருங்கள். கதவைத் தள்ளும்போதெல்லாம் 30, 60, 90 பாகை கைக்கே தெரியும். ஜன்னல் கம்பியை எழுத்தின் சுழிகளைப் போல வளைத்தால், பென்சில் பிடிக்கும் முன்பே விரல் அந்த வழியில் ஓடிப் பழகும்.

மலையடிவாரத்தில் பள்ளிக்கு இடம் கிடைத்தால் முதலில் ஜேசிபி வந்து மேட்டை வெட்டிச் சமமாக்குகிறது. கட்டுவதற்கு அது சுலபம்தான். ஆனால் அந்த மேட்டில்தான் பாடம் இருந்தது என்பது என் வருத்தம். 60 செ.மீ. ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 15 செ.மீ. உயரத்தில் நான்கு படி. அதன் பக்கத்திலேயே, 12-க்கு 1 என்ற கணக்கில் சாய்தளம் போட்டால் 7.2 மீட்டர் நீளும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அது வழி. எல்லோருக்கும் கோலிக்குண்டு உருட்ட இடம். ஏறும் உயரம் ஒன்றே, நடக்கும் தூரம் மட்டும் ஏன் கூடுகிறது? மூட்டையைத் தூக்கி ஒருமுறை, தள்ளி ஒருமுறை மேலே கொண்டுபோனால் பிள்ளைக்கே புரியும். கூரைத் தண்ணீரைக் குழாய்க்குள் மறைக்காமல் திறந்த வாய்க்காலில் விட்டால், மழை நாளில் காகிதக் கப்பல் சரிவைக் காட்டிக்கொடுக்கும்.

கைப்பிடியை மறக்கவே கூடாது. பெரியவர் உயரத்தில் ஒன்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி கீழே இன்னொன்று.