பெயர் மாத்தினா போதுமா?

2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பெயர் வைத்தார்கள். அன்றைக்கே ஊரிலிருந்து மாமா போன். "சோழன் கப்பல் நின்ன இடம்டா, நம்ம எடம்!" அறிவிப்பிலும் சோழர் கடற்படைத் தளம் என்றுதான் சொன்னார்கள். "ராஜேந்திரன் 1025 வாக்குல படையெடுத்துப் போனதே ஸ்ரீவிஜயத்து மேலதான் மாமா" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை :-)

நான் இருப்பது திக்லிபூர். தலைநகருக்கு சுமார் 300 கி.மீ., ஒரு பகல் முழுக்க பஸ். சுற்றிலும் சீதாநகர், ராம்நகர், காளிப்பூர், துர்காப்பூர். கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகள் 1950களில் காடு வெட்டிக் குடியேறிய ஊர்கள். அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் "அதுக்கு முன்னாடி இங்க வெறும் காடு"ன்னு சொல்றாங்களே, நம்மாட்களும் சேர்ந்து, அதுதான் எனக்கு ஆகாது.

வெறும் காடா? போ, கோரா, ஜேரு, சாரே என்று தனித்தனி மொழி பேசியவர்கள் வாழ்ந்த வடக்கு அந்தமான் இது. வெள்ளைக்காரன் வந்தபின் பரவிய நோய்களில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மிஞ்சிய கொஞ்சப் பேரை 1970 வாக்கில் ஸ்ட்ரெயிட் தீவில் கொண்டுபோய் வைத்தது அரசு. போ மொழி பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். சாரே மொழியின் கடைசிக் குரல் லிச்சோ, 2020ல்.

மொழிக்கு உயிரையே கொடுத்தோம் என்று மேடை போடுகிற கூட்டம் நாம். 2011 கணக்குப்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். பக்கத்தில் ஒரு மொழி செத்தபோது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? (எனக்கும் தெரியாது. ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன்.)

பெயரை மாற்றும்போது இங்கே யாரைக் கேட்டார்கள் என்றும் கேட்காதீர்கள். சட்டசபையே கிடையாது. மொத்தத் தீவுகளுக்கும் ஒரே எம்.பி., அவரையும் 1967ல்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். மிச்சம் பஞ்சாயத்துதான்.

சரி, அங்கேயே கேட்கிறேன். பள்ளிக்கூடச் சுவரில் அந்த நாலு மொழிகளின் பெயரையாவது எழுதுங்கள் என்று அடுத்த கிராம சபையில் எழுந்து நிற்கப் போகிறேன். நம்மாட்கள் யாராவது கூட வருகிறீர்களா? பொங்கல் கமிட்டிக்கு மட்டும்தான் ஆள் வருமென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.