பிள்ளைகள் போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் யாருக்கு?



போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பேராக் மாநிலத்தின் தென்பகுதிக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். இப்போது பட்டணத்தில் மகன் வீட்டில், நான்காவது மாடியில் இருக்கிறார். "தம்பி, நீங்க பத்திரிகையில எழுதுறவரு. நான் படிச்ச பள்ளிக்கூடம் இங்கேருந்து அஞ்சு மைல்தான். அது விழறதுக்குள்ள ஒரு தடவ வந்து பாத்துடுங்க" என்றார். மறுக்க மனம் வரவில்லை.

தோட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டால் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர், கெடா என்று எத்தனையோ தோட்டங்களுக்கு இந்தக் கதை பொருந்தும். படிக்கிற உங்களில் பலருக்கு உங்கள் தோட்டமே கண்முன் வந்து நிற்கும்.

மேட்டின் மேல் ஒரு கட்டடம்

காரை மண் சடக்கின் முனையில் விட்டுவிட்டு நடந்தோம். ஜாகாவாக இருந்த வங்காளதேச இளைஞரிடம் பெரியவர் மலாயில் விஷயத்தைச் சொன்னார். பாம்பு இருக்கும், பார்த்துப் போங்கள் என்று அவர் வழிவிட்டார். கித்தாக் காடாக இருந்த இடமெல்லாம் இன்று செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வரிசையாகத் தெரிகிறது. மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் யாரோ வாரம் ஒருமுறை வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறார்கள்.

கோயிலைத் தாண்டி ஒரு மேடு. அதன் மேல் பள்ளிக்கூடம். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, பலகைக்கு மேல் கம்பி வலை, தகரக் கூரை. பழைய தோட்டப் பள்ளிகள் பலவற்றை இந்த மாதிரியில்தான் நாம் பார்த்திருக்கிறோம். முகப்பில், கட்டிய ஆண்டைச் சிமெண்டில் பொறித்திருக்கிறார்கள். பின் இரண்டு எண்கள் பெயர்ந்து விழுந்து, 19 மட்டும் நிற்கிறது.

உள்ளே மூன்று வகுப்பறைகள். ஒன்றில் உர மூட்டை அடுக்கியிருந்த அடையாளம். இன்னொன்றில் கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. மூன்றாவதில் கூரைத் தகரம் பறந்துபோய், தரையில் புல் முளைத்திருக்கிறது. வெளித் தூணில், மணியாக அடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு அப்படியே இருந்தது. பெரியவர் ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். வௌவால்கள் பறந்தன. "ஆறு வருஷம் இந்தச் சத்தத்துக்கு ஓடியாந்தவன் தம்பி நான்" என்று சிரித்தார்.

மூலையில் கிடந்த இரும்பு அலமாரியை இருவருமாகத் தள்ளித் திறந்தோம். பாதி கறையான் தின்ற சேர்க்கைப் பதிவேடு ஒன்று இருந்தது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தகப்பன் தொழில், பிறந்த தேதி, சேர்ந்த தேதி. தொழில் என்ற இடத்தில் பக்கம் பக்கமாகப் பால்வெட்டு, பால்வெட்டு, காட்டு வேலை, பால்வெட்டு. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். "இது எங்க அக்கா."

அந்த அக்காவுக்கு இன்றும் சிவப்பு ஐ.சி.தான். இந்த மண்ணில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. மனுப் போட்ட போதெல்லாம், இங்கே பிறந்து வளர்ந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. "ஆதாரம் இங்க கறையானுக்குத் தீனியா கெடந்திருக்கு தம்பி" என்றார் பெரியவர். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

பழைய கட்டடம் என்றால் பழைய ஞாபகம், ஒரு பெருமூச்சு, ஒரு படம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். அது அப்படி இல்லை என்று அந்த அலமாரி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

தருமத்துக்குக் கட்டியதல்ல

இந்தப் பள்ளிகளைத் துரைமார் தரும சிந்தனையால் கட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816-ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ பள்ளியோடு தொடங்கியதாகக் கொள்கிறோம். அதன் 200-ஆம் ஆண்டை 2016-இல் கொண்டாடவும் செய்தோம். ஆனால் தோட்டத்துக்குள் பள்ளி பரவியது சட்டத்தின் அழுத்தத்தால்தான். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொல்லி உத்தரவிட வழி செய்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது.

பல தோட்டங்களில் பெயருக்குத்தான் பள்ளி. ஆயாக் கொட்டகையில் ஒரு மூலை. கிராணியோ கங்காணியோ வாத்தியார். பிள்ளைக்குப் பள்ளி இருந்தால் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போகாது என்ற கணக்கும் நிர்வாகத்துக்கு உண்டு. இருந்தாலும் அந்தக் கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்கியவர்கள் நம் பெற்றோர். வேலி கட்டியவர்கள், கிணறு வெட்டியவர்கள், திருவிழாக் காசில் மிச்சம் பிடித்து மேசை வாங்கியவர்கள் அவர்கள். பால்வாளி தூக்கிய தோளில் பலகையும் தூக்கினார்கள். அந்த உழைப்புக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவு இல்லை.

மூடியது யார்?

சுதந்திரம் பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 2000-ஆம் ஆண்டில் 526. இடைப்பட்ட 362 பள்ளிகளும் பூட்டுப் போட்டு மூடப்பட்டவை அல்ல. பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்துபோனவையும் உண்டு. ஆனால் சேர்ந்தாலும் மூடினாலும் ஒரு கட்டடம் காலியாகிறது என்பது உண்மை.

காரணம் பல. 1950-களின் பின்பகுதியிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ரப்பருக்கு வேண்டிய அத்தனை கை செம்பனைக்கு வேண்டாம். அடுத்து வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். அதற்கும் அடுத்து வீடமைப்பு வந்தது. லயம் காலியானால் பள்ளியும் காலி. பெரியவரின் பள்ளியில் கடைசியில் மாணவர் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டதாம். பட்டணத்தருகே புதுக் கட்டடம் கிடைத்தது, பள்ளி அங்கே போனது.

அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். புதிதாகத் தமிழ்ப்பள்ளிக்கு உரிமம் வாங்குவது குதிரைக் கொம்பு. ஆகவே இருக்கிற உரிமத்தைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் புத்தி. ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ், கிளானா ஜெயாவில் சீபோர்ட், பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் என்று பட்டண நடுவில் தோட்டப் பெயரோடு பள்ளிகள் நிற்பது இதனால்தான். சுற்றிலும் ரப்பர் மரம் இல்லை, பலகையில் மட்டும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி'. பேர் பிழைத்தது, பிள்ளைகளும் பிழைத்தார்கள். விட்டுவந்த கட்டடத்தைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

நிலத்தில்தான் முடிச்சு

அந்தக் கட்டடம் இன்று யாருடையது? கம்பெனியைக் கேட்டால் அது கல்வி இலாகா விஷயம் என்கிறார்கள். இலாகாவைக் கேட்டால் பள்ளி இடம் மாறிவிட்டது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். பள்ளி வாரியத்துக்குப் புதுப் பள்ளியின் கவலையே தலைக்கு மேல். இப்படி மூவரும் கைவிட்டால் மிஞ்சுவது கறையான்தான்.

இதற்கு அடி வேர் நிலம். நமது பள்ளிகளில் முழு உதவி பெறுவது உண்டு. பகுதி உதவி பெறுவது உண்டு. முழு உதவிப் பள்ளி அரசாங்க நிலத்தில் நிற்பது. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவையோ பகுதி உதவிப் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். நிலம் வேறொருவர் பேரில் இருக்கும். தோட்டப் பள்ளிக்கு அந்த 'வேறொருவர்' தோட்ட நிர்வாகம். பிள்ளைகள் இருக்கிற வரை நிலத்தை யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் போன மறுநாள் அது கிராண்டில் யார் பேர் இருக்கிறதோ அவருடைய சொத்து. தோட்டம் கைமாறினால் பள்ளிக்கூடமும் செம்பனையோடு சேர்ந்து கைமாறும்.

சரி, பழைய கட்டடத்தைக் காக்கச் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம். தேசிய மரபுடைமையாக அறிவிக்கச் சொல்லி யாரும் முன்மொழியலாம். ஆனால் தனியார் நிலமென்றால் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதால் மாநில அரசைக் கலக்க வேண்டும். ஒரு பாரம் எழுதிப் போட்டால் முடிகிற காரியமில்லை. சட்டம் வந்த மறு ஆண்டே, 2006-இல், கோலாலம்பூர் அம்பாங் சாலையில் இருந்த போக் மாளிகை இடிக்கப்பட்டது. கோடீஸ்வரர் மாளிகைக்கே அந்தக் கதி என்றால் தகரக் கூரைப் பள்ளிக்கு?

ஆனால் எதிர்ப் பக்கமும் ஒன்று உண்டு. பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் தொடங்கப்பட்ட விவேகானந்தா ஆசிரமம். 2014-இல் அந்த இடத்தில் உயர்மாடிக் குடியிருப்புத் திட்டம் வெளியே வந்ததும் மக்கள் திரண்டார்கள், எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். 2016-இல் அது மரபுடைமைக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அது நகரத்து நடுவில் இருந்தது. ஆயிரம் கண்கள் தினமும் பார்த்தன. நம்முடைய பள்ளி செம்பனைக்குள் இருக்கிறது. அங்கே இடிக்கிற சத்தம் யார் காதிலும் விழாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் காக்க முடியுமா?

முடியாது. நூற்றுக்கணக்கான கட்டடங்களையும் காப்போம் என்று மேடையில் பேசலாம்; நடக்காது. என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, காகிதத்தைக் காப்பாற்றுங்கள். கட்டடம் பத்து வருடம் தாங்கும், பதிவேடு அடுத்த மழையைத் தாங்காது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, பழைய குழுப் படங்கள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இடம் மாறிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் சொல்லி, அவர் மூலமாக எடுக்கச் செய்யுங்கள். பிறப்புப் பத்திரமோ நீல ஐ.சி.யோ இல்லாதவருக்குப் பள்ளி ஆவணம் துணை ஆதாரமாகக் கைகொடுக்கும். இதற்கு நிதி வேண்டாம், மந்திரி வேண்டாம். மழைக்கு முன்னால் போகிற இரண்டு கால் போதும்.

இரண்டாவது, மாநிலத்துக்கு ஒரு தோட்டப் பள்ளியையாவது, நல்ல நிலையில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, லயத்தின் ஒரு வரிசையோடும் கோயிலோடும் சேர்த்துக் காக்கும்படி கேட்போம். பத்து இடத்தில் கேட்டு எதுவும் கிடைக்காமல் போவதைவிட, ஓர் இடத்தை எல்லாரும் சேர்ந்து கேட்பது மேல். மற்ற கட்டடங்களில் பாலர் பள்ளியோ கோயில் மண்டபமோ நடத்த ஊரில் ஆள் இருந்தால், நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பி ஏமாந்த காலம் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். இன்னும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் தோட்டப் பள்ளிகளின் பெற்றோரே, உங்கள் பள்ளி நிற்கும் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்த வருடமே கேளுங்கள். கம்பெனி பேரில் இருந்தால், பள்ளி நிலத்தைத் தனியாகப் பிரித்துத் தரக் கேளுங்கள். பொதுத் தேவைக்கு நிலம் எடுக்க மாநில அரசுக்கு 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அதிகாரம் தருகிறது; அதை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஞாபகப்படுத்துங்கள். தோட்டத்தை விற்கப் பேச்சு நடக்கும் முன்னால் கேட்க வேண்டும். விற்ற பிறகு கேட்டால் கேட்கிறவருக்குக் காது இருக்காது.

அதே 1960-இல்தான் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் துண்டாடப்பட்டபோது, பால்வெட்டுக் கூலியில் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டத்தையே வாங்கியவர்கள் நம் மக்கள். காலடியில் உள்ள மண் நம்முடையதாக இல்லாவிட்டால், அதன் மேல் கட்டிய எதுவும் நம்முடையதில்லை என்பது எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுக்கே புரிந்திருந்தது. படித்த நமக்குப் புரியாமல் போகலாமா?

நிற்க. அன்று அந்தப் பதிவேட்டை நாங்கள் எடுத்து வரவில்லை. அக்காவின் பெயர் உள்ள பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் புதுப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னோம். அவர் நல்ல மனிதர். அடுத்த வாரமே ஆள் அனுப்பி எடுத்துவிட்டாராம். கறையான் தட்டி, வெயிலில் காயவைத்து, பள்ளி அலுவலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். அக்காவுக்கு மீண்டும் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை அதோடு ஒரு காகிதம் சேர்ந்து போகும். முடிவு என்னவாகும் என்று பெரியவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கட்டடம் இன்னும் மேட்டின் மேல் இருக்கிறது. உங்கள் தோட்டத்திலும் ஒன்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அனுமதி கேட்டுக்கொண்டு, ஒருமுறை போய்ப் பாருங்கள். அலமாரியையும் திறந்து பாருங்கள்.