உண்மையின் தராசு



பிரபஞ்சம் எவ்வளவு வேகமாய் விரிகிறது என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் தரும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதைக் கேட்டவுடன், அறிவியல் தோற்றது, வேதம் வென்றது என்று மகிழ்கிறவர்கள் நம் நடுவில் உண்டு. அந்த மகிழ்ச்சி விசுவாசிக்குத் தகாதது என்பதே என் கருத்து.

1964ஆம் ஆண்டு நார்வே நாட்டு வானியலாளர் ஷூர் ரெஃப்ஸ்டால் ஒரு வழியைக் காட்டினார். தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடிக்கும்போது, அதற்கும் நமக்கும் இடையே பெரிய நட்சத்திர மண்டலம் இருந்தால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைக்கும். ஒரே வெடிப்பு பல பிம்பங்களாய்த் தெரியும். ஒவ்வொரு பிம்பத்தின் ஒளியும் வெவ்வேறு பாதையில் வருவதால், அவை வெவ்வேறு நாட்களில் வந்து சேரும். அந்தக் கால இடைவெளியைக் கொண்டு விரிவின் வேகத்தைக் கணக்கிடலாம் என்றார்.

2014 நவம்பரில், ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் அத்தகைய வெடிப்பு நான்கு பிம்பங்களாய்க் காணப்பட்டது. 2009இல் மறைந்திருந்த ரெஃப்ஸ்டாலின் பெயரே அதற்கு இடப்பட்டது. இன்னொரு பிம்பமும் தோன்றும் என்று ஆய்வுக் குழுக்கள் முன்னதாகவே வெளியிட்டன. 2015 டிசம்பரில் அது தோன்றியது. தாமதம் ஏறத்தாழ 376 நாட்கள்.

2023இல் வெளியான முடிவின்படி, ஒரு மெகாபார்செக், அதாவது சுமார் 32.6 இலட்சம் ஒளியாண்டு தொலைவுக்கு, வேகம் நொடிக்கு 65 முதல் 67 கிலோமீட்டர். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலம் தந்த 67க்கு இது நெருக்கமானது. குவேசார்களின் பிம்பங்களைக் கொண்டு இதே முறையில் அளந்த வேறொரு குழுவுக்கோ 73 கிடைத்தது.

இவர்கள் வேறுபாட்டை மறைக்கவில்லை. தங்கள் அளவில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் எண்ணோடு சேர்த்தே எழுதினார்கள். நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் கள்ளத்தராசைக் கண்டித்தே தொடங்குகிறது. நம் சாட்சிகளில், நம் ஜெபக்கூட்டங்களின் எண்ணிக்கையில், நம் சபைக் கணக்குகளில் இதே நேர்மை உண்டா?

பிறருடைய குழப்பத்தின்மேல் கட்டிய விசுவாசம், நாளை அந்த எண்கள் பொருந்தும்போது விழுந்துபோம். இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகள் பிரசங்கத்தில் இந்தப் பரிகாசத்தைக் கேட்டால், கர்த்தரையும் கல்லூரியையும் எதிரெதிராய் நிறுத்தி ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தள்ளப்படுவார்கள். அந்தச் சுமையை அவர்கள்மேல் வைக்க நமக்கு அதிகாரமில்லை.

வானங்களை உண்டாக்கினவர் உண்மையான அளவுக்கு அஞ்சுகிறவரல்லர். அவருடைய பிள்ளைகளாகிய நாமும் அஞ்சாதிருப்போமாக. ஆமென்.