வன்னியில் வளவு தேடுவோர்க்கு

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறும் நம்மவர் பலருக்கும், கடல் கடந்து சென்று பொருளீட்டிய நம் பிள்ளைகளுக்கும் இப்பொழுது ஒரே வகையான ஆசை பிறந்திருக்கின்றது. வன்னியில் நாலைந்து ஏக்கர் காணி வேண்டும். அதனுள் அளவானதொரு வீடு வேண்டும். கிணற்றில் நல்ல தண்ணீர் வேண்டும். இவற்றோடு பெரும்பாலோர் மறவாமல் கேட்பது வாகனம் விட இடம். ஒருவரிடம் உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் இருக்கின்றன, இன்னொருவரிடம் லொறி. கனடாவிலிருந்து எழுதிய அன்பர் ஒருவரோ, அங்கே தம் வீட்டின் பின்புறத்தில் நிற்கும் ‘கரவன்’ என்னும் வீட்டு வண்டியைப்போல் ஒன்றை இங்கும் வாங்கி நிறுத்திவிட்டு, ஆண்டுதோறும் இரண்டு மாதம் வந்து ஊர் சுற்றிப் பார்க்க எண்ணியிருக்கின்றார். எவற்றைப் பார்த்து வளவு வாங்குவது என்று அவர் வினவுகின்றார். அவருக்கும் அவரைப் போன்ற ஏனையோருக்கும் சேர்த்தே இதனை எழுதுகின்றோம்.

வீட்டு வண்டி நமக்குப் புதியதன்று. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போன குடும்பங்கள், கூடாரம் போட்ட மாட்டு வண்டியில் அரிசி, சட்டி பானை, பாய், பிள்ளை குட்டி யாவற்றையும் ஏற்றிக்கொண்டு, இரவிலே பயணஞ் செய்து, மர நிழலில் வண்டியை அவிழ்த்துச் சமைத்து உண்ட காலம் மிகவுந் தொலைவில் இல்லை. அந்த வண்டிக்கு வன்னி வளவில் தனியிடம் இருந்தது. வீடு, அதனை விட்டு விலகிக் குசினி, அப்பால் மாட்டுப்பட்டி, படலைக்கு அருகே வண்டிக் கொட்டில், பின்னே சூடு மிதிக்கும் களம் என்று வளவை வகுத்தார்கள். வீடு சிறிதாகவும் வெளி பெரிதாகவும் இருந்தமை வறுமையால் மட்டும் வந்ததன்று. அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் மாடும் வண்டியும் ஒருங்கே வந்து நிற்கவேண்டிய இடம் அது. இன்று மாடு நின்ற இடத்தில் உழவு இயந்திரம் நிற்கின்றது; இடத்தின் தேவை குறையவில்லை.

யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு வன்னிக் காணியின் பரப்பே முதலில் மயக்கந் தருவது. அங்கே பரப்புக் கணக்கில் பேசுவோம். இரண்டு பரப்பில் வீடும் கிணறும் நாலு தென்னையும் அமைத்து நிறைவடைவோம். ஒரு ஏக்கர் என்பது 16 பரப்பு. ஐந்து ஏக்கர் என்றால் 80 பரப்பு. இத்தனை நிலத்தை ஒருசேரக் கண்டவுடன் மனம் விரிந்து, கேட்ட விலைக்குத் தலையசைத்துவிடுகின்றோம். அந்த 80 பரப்பில் மழைக்காலத்தில் எத்தனை தண்ணீருக்கு மேலே நிற்கும் என்று கேட்பவர் அரியர்.

வன்னியில் நிலத்தை வகுத்தவை குளங்கள். குளக்கட்டின் கீழே வயல். வயலுக்குப் பக்கத்தே உயர்ந்த மேட்டிலே குடியிருப்பு. குளத்தின் மேற்புறத்தே காடு. பழைய ஊர்கள் இவ்வொழுங்கை மீறுவதில்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்னர் அதன் கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. அதன் நீரை நம்பியே கிளிநொச்சியைச் சுற்றிய குடியேற்றங்கள் 1930களிலிருந்து எழுந்தன. குளம் கொடுக்கும் கைதான். ஆயினும் நிறைந்தால் அதனைத் திறந்துவிடத்தான் வேண்டும். 2018 டிசெம்பர் 21ஆந் திகதி இரவு பெய்த பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கத்து மக்கள் உடுத்த துணியோடு பாடசாலைகளுக்கு ஓட நேர்ந்தது. அத்தகைய இரவில் ஆள் ஓடிவிடலாம். கொட்டிலில் நிற்கும் இயந்திரம் எங்கே ஓடும்? எந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஒரு போகத்து வருமானம் திருத்து வேலைக்கே போய்விடும். ஆகையால் வாங்குமுன் அயல்வீட்டுச் சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கின்றது என்பதை அது காட்டிவிடும். விற்பவரிடம் கேட்டால் வெள்ளம் வந்ததேயில்லை என்பார். சுவருக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

மண்ணையும் நோக்குக. மேட்டிலே செம்மண்ணாயின் மழை விட்ட மறுநாளே வாகனம் நடமாடும். பள்ளத்துக் களியில் கார்த்திகை மாதத்தில் இறங்கிய பெட்டியைத் தை மாதத்திலேதான் வெளியே எடுக்கலாம். பரந்தனுக்கு வடக்கேயும் பூநகரிக் கரையோரத்தும் கடல்நீர் ஏரியை அண்டிய இடங்களில் கிணறு உவர்க்கும். மாரியில் இனித்த தண்ணீர் ஆடியில் வேறு ருசி காட்டும்.

இனி, எல்லாவற்றினும் கடினமான காரியத்துக்கு வருவோம். அது கடதாசி. நிலம் நன்றாயிருந்தும் கடதாசி நன்றாயிராத வளவுகள் வன்னியில் மிகுதி. இதற்கொரு வரலாறு உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அரசு தன் காணியை விற்காமல், திருத்திப் பயிர்செய்வோருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்துக் குடியேற்றியது. முற்காலத் திட்டங்களில் குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்தன. பிற்காலத்தில் அது குறைந்தது. நம் ஊரவர் ‘பேர்மிட் காணி’ என்பது இதனைத்தான். அனுமதிப்பத்திரக்காரர் காணியில் வாழலாம், பயிர்செய்யலாம், பின்னுரிமையாளரை நியமிக்கலாம். தம் விருப்பப்படி விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் பெற்றவரும் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. குறித்த அளவுக்குக் கீழே துண்டாடவும் கூடாது. அவ்வாறிருக்க, முத்திரை ஒட்டிய தாளில் இருவர் ஒப்பமிட்டு, “காணி கைமாறிற்று” என்று ஐந்து ஏக்கரை விற்பவர்கள் இருக்கின்றார்கள். வாங்கியவர் கையில் மிஞ்சுவது ஒரு தாள். வீடும் கொட்டிலும் கட்டிய பிறகு, அனுமதிப்பத்திரத்தில் பெயருள்ளவரோ அவர்தம் பிள்ளையோ படலையில் வந்து நிற்கலாம்.

உறுதிக் காணியாயின் வேறு வகையான கவனம் தேவை. காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, அளவை வரைபடத்தோடு எல்லையை ஒப்பிட்டு, பங்காளிகள் எவரெவர் என்று அறிந்தே முற்பணம் கொடுக்கவேண்டும். தேசவழமையின்படி, கூட்டுக்காணியின் பங்காளிக்கும், உரிமைவாரிசாகத் தக்கவருக்கும், பிறருக்கு விற்குமுன் தாமே வாங்கிக்கொள்ளும் உரிமை இருக்கின்றது. 1947இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. முறையான அறிவித்தல் கொடாமல் எழுதிய உறுதி பின்னர் வழக்குக்கு வித்தாகும். பழைய கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரிமையில் ஆணுக்கே முதலிடம் கொடுத்திருந்தது. 2022இல் வந்த திருத்தம் அவ்வேற்றுமையை நீக்கியது. ஆகவே, “மூத்த மகன் சம்மதித்துவிட்டான், போதும்” என்று எவரேனும் சொன்னால் சகோதரிகள் எங்கே என்று கேட்பது நன்று.

கடல்கடந்த நாட்டின் குடியுரிமை பெற்று இந்நாட்டுக் குடியுரிமையை இழந்தோருக்கு இன்னுமொரு வேலி உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணியின் உரித்தைக் கைமாற்றுவதைத் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு இத்தடை இல்லை; நெருங்கிய உறவினரிடமிருந்து உரிமைவழியாகவோ நன்கொடையாகவோ பெறுவதற்கும் விலக்கு உண்டு. கனடா அன்பர் காணியைத் தேடுமுன் தம் குடியுரிமைக் கடதாசியைத் தேடுவாராக. மைத்துனன் பெயரில் எழுதி வைப்போம் என்ற யோசனை நம்மவருக்கு உடனே தோன்றும். மைத்துனர்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடதாசி தொலைந்தவர்களின் கதை வேறு. 2009க்கு முந்திய இடப்பெயர்வுகளில் உறுதியும் வரைபடமும் அடையாள அட்டையும் ஒரே பையில் கிடந்து ஒரே இடத்தில் அழிந்தன. 2025 மார்ச் 28ஆந் திகதி அரசு வர்த்தமானி அறிவித்தல் ஒன்றை வெளியிட்டு, வட மாகாணத்தில் ஏறத்தாழ 5900 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் கோரவேண்டும் என்றது. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் நிலங்களும் அதில் அடங்கின. கடதாசியை இழந்தவரும் கடல் கடந்தவரும் மூன்று மாதத்தில் எதனைக் காட்டுவர் என்ற கேள்வி எழுந்தது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்வாங்கப்பட்ட அவ்வறிவித்தலை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம், வன்னியில் ஆளில்லா நிலம் என்று காண்பது பலவேளைகளில் ஆள் திரும்பிவர இயலாத நிலம் என்பதாம்.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமற் போவது நீதியாகாது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல. காட்டை வெட்டினார்கள், பிறர் வயலில் நாட்கூலிக்கு நின்றார்கள், ஊர்விட்டுப் போனவரின் காணியைக் காவல் காத்து அதிலேயே கொட்டில் போட்டுப் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். அவர்களுட் பலரிடம் இன்றும் தம் பெயரில் ஒரு பரப்பு நிலத்துக்குக்கூடக் கடதாசி இல்லை. கொழும்பிலோ லண்டனிலோ இருக்கும் உரிமையாளர் விற்கும்போது, “காணி வெறுமையாகக் கையளிக்கப்படும்” என்று தரகர் உறுதி கூறுவார். அந்தச் சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் அடுப்பும் ஆடும் அடங்கியிருக்கக்கூடும். ஆகவே பகல் வேளையில் தரகரின்றித் தனியே சென்று வளவைச் சுற்றி நடந்து பார்ப்பது நன்று. கிணற்றடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை தேய்ந்திருக்கின்றதா? பலா மரத்தடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? வேலியிலே காய்வது யாருடைய துணி? பத்தாண்டுகளுக்கு மேல் தடையின்றி இருந்தவருக்கு ஆட்சியுரிமை பேசும் சட்டம் 1871இலிருந்தே உண்டு. ஆயினும் அரச காணியில் அது செல்லாது. எளியவர் வழக்குமன்றம் போவதும் அரிது. அத்தகைய வளவை வாங்குவோர், அக்குடும்பம் இருக்கும் அரை ஏக்கரை முறைப்படி அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்கலாம்; உறுதிக் காணியில் அதற்குத் தடையில்லை. உரிமையாளர் பத்து மாதம் கடலுக்கப்பால் இருக்கும்போது அவருடைய கொட்டிலையும் வண்டியையும் பார்த்துக்கொள்வது அயல்தானே? அயலைக் கிளப்பிவிட்டு ஐந்து ஏக்கருக்குக் கம்பி வேலி போட்டவர்கள், திரும்பிவந்து பார்க்கையில் பற்றரியையும் காணார், கம்பியையும் காணார். இதனை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கேட்டறிந்ததைச் சொல்கின்றோம்.

கொட்டிலைப் பற்றிச் சில வார்த்தை. படலை பன்னிரண்டடிக்குக் குறைந்தால் பெட்டியோடு திரும்ப முடியாது. ஒழுங்கையின் அகலத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். ஒழுங்கை பிறருடைய காணியூடாகப் போனால், வழியுரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். கொட்டிலின் தரை சுற்று நிலத்தைவிட ஒன்றரை அடியேனும் உயர்ந்திருக்கட்டும். தூணுக்கு வைரித்த பனை அல்லது முதிரை. சீமெந்துப் பீடத்தின்மேல் நிறுத்தினால் கறையான் ஏறுவது தெரியும். கூரைக்குத் தகரமே போதும், கிடுகு குளிர்ச்சியாயினும் எலிக்கு அது மாளிகை. எலி முதலிற் கடிப்பது மின்கம்பியை. நீண்ட நாள் நிற்கும் வாகனத்தின் அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துச் சில்லுகளை நிலத்தினின்று உயர்த்திவிட்டால் ரயர் கெடாது. பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பதும், டீசல் தாங்கியை நிரப்பி வைப்பதும் மாரிக்கு முந்திய வேலை. அரைவாசித் தாங்கியில் ஈரக் காற்று புகுந்து தண்ணீராய் இறங்கும்.

அத்திவாரமோ கிணறோ வெட்டுமுன், அக்காணி மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டறிக. ஒட்டாவா நகரில் 1997இல் ஒப்பமிடப்பட்ட மிதிவெடித் தடைச் சாசனத்தில் நம் நாடு 2017இல் சேர்ந்தது. வெடியகற்றும் வேலை போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் நீண்டது. முகமாலைப் பக்கத்தில் அது மிகக் கடினமாயிருந்தது. காட்டோரக் காணியாயின், வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் எங்கே நிற்கின்றது என்பதையும் நேரிற் பார்த்துக்கொள்ள வேண்டும். யானை வரும் வழியை அயலவரே காட்டுவர். குரங்கு வரும் வழியைக் காட்டவேண்டியதில்லை.

காணி பார்க்கப் போவது எப்பொழுது என்று கேட்டால், கார்த்திகை மாதம் என்போம். பள்ளிக்கூட விடுமுறையென்று ஆவணியிலே போய், காய்ந்து கிடக்கும் வெளியைக் கண்டு விலை பேசுவதே நம்மவர் வழக்கம். மழை ஓயாத நாளில் குடையோடு போனால் தண்ணீர் எங்கே நிற்கின்றது, ஒழுங்கையில் வாகனம் புதைகின்றதா, கூரை எங்கே ஒழுகுகின்றது யாவும் ஒரே நடையில் தெரிந்துவிடும். கிணற்றை மட்டும் ஆடி ஆவணியில் மறுமுறை போய்ப் பார்க்கவேண்டும். புதுக்கிணறு வெட்டுவதைப் பற்றியும், குழாய்க் கிணற்றுக்கும் அதற்குமுள்ள செலவு வேற்றுமை பற்றியும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு அடுத்த ஞாயிறு விடை தருவோம்.