எழ மறுக்கும் கணினியை எழுப்பும் பொறுப்பு யாருடையது?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கியதைப் பற்றி நம் கல்விப்புல நண்பர்கள் பேசும்போது இரண்டு விளக்கங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. சமூக அறிவியல் துறையினர் அதனை ஒரு சில நிறுவனங்களின் ஆதிக்கத்தால் வந்த விளைவு என்பர். பொறியியல் துறையினர் சோதனைக் குறைபாடு என்பர். இரண்டும் உண்மையே. ஆயினும் முடங்கிய கணினியை மீண்டும் எழுப்பியவர் யார், எவ்வாறு எழுப்பினார், அதற்கான அறிவும் அதிகாரமும் அவரிடம் எப்படி வந்தன என்ற கேள்வியை இரு சாராருமே எழுப்புவதில்லை. தில்லியில் ஆய்வு மாணவர்களாக இருக்கும் நமக்கு மிக நெருக்கமான கேள்வி அதுவே என்பது என் கருத்து. சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் என்னும் பாதுகாப்பு மென்பொருள், கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கருவில் அமர்ந்து வேலை செய்வது. அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, சேனல் ஃபைல் 291 என்ற சிறு தரவுக் கோப்பின் புதிய பதிப்பை அந்நிறுவனம் அனுப்பியது. புதிய பதிப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; ஃபால்கனின் நிரல் தந்தவையோ 20. இல்லாத 21ஆவதைத் தேடிப்போன நிரல், தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முயன்றது. சாதாரணச் செயலி ஒன்றில் இத்தகைய பிழை நேர்ந்தால் அச்செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் நேர்ந்தால் இயங்குதளமே தன்னை நிறுத்திக்கொள்ளும். ஃபால்கனோ கணினி விழிக்கும்போதே ஏற்றப்படும் இயக்கி. ஆகவே மறுதொடக்கம் செய்தால் மீண்டும் அதே கோப்பு, அதே பிழை, அதே நீலத்திரை.

78 நிமிடங்களில், அதாவது 10.57 மணிக்கு, நிறுவனம் பிழையான கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் அதைப் பெற்றுக்கொண்ட கணினிகளுக்குத் திருத்தம் போய்ச் சேரும் வழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது; இணையத்தைத் தொடும் முன்பே அவை விழுந்துகொண்டிருந்தன. சில மட்டும் பலமுறை மறுதொடக்கம் செய்தபின் பிழைத்தன. தன் அசூர் சேவையிலுள்ள மெய்நிகர்க் கணினிகளுக்கு 15 முறை வரை முயன்று பார்க்கலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவுறுத்தியது. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமும் நம் விடுதிக் காவலரும் கணினிக்குச் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான் என்று அன்று விளங்கிற்று. பாதிக்கப்பட்டவை 85 லட்சம் கணினிகள் என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

இனி வைத்தியத்துக்கு வருவோம். கணினியைச் சேஃப் மோடில் தொடங்கி, விண்டோஸ் இயக்கிகள் இருக்கும் கோப்புறைக்குள் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற உட்கோப்புறையைத் திறந்து, சி-00000291 எனத் தொடங்கும் கோப்பை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும். செய்யத் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் பெரும்பாலும் அதைத் தொலைவிலிருந்து செய்ய இயலாது. ஒவ்வொரு கணினிக்கு முன்னும் ஒரு மனிதர் போய் நின்றாக வேண்டும். வட்டு பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்கும் முன்பாக 48 இலக்க மீட்புத் திறவுகோலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தட்டச்சு செய்ய வேண்டும். சில நிறுவனங்களில் அந்தத் திறவுகோல்களைச் சேமித்து வைத்திருந்த வழங்கியே நீலத்திரையில் கிடந்தது. பூட்டிய பெட்டிக்குள் சாவி என்று நாம் சொல்வதுண்டு. இது அதன் நேர்ப்பொருள்.

ஆக, மேகக்கணிமையின் காலத்தில் நேர்ந்த மிகப் பெரிய முடக்கம் நடந்து திரிந்த கால்களாலும் தட்டச்சு செய்த விரல்களாலும் சரிசெய்யப்பட்டது. இதனை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட கட்டுரை எதையும் நம் கருத்தரங்குகளில் நான் கேட்டதில்லை.

தில்லி அன்று எவ்வாறு இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தில் வெள்ளைப் பலகையை நிறுத்தி, விமான எண்ணையும் வாயில் எண்ணையும் கையால் எழுதினார்கள். இண்டிகோ கையால் எழுதிய போர்டிங் பாஸ்களை வழங்கியது. அந்நிறுவனம் மட்டும் அன்று ஏறக்குறைய 200 விமானங்களை ரத்து செய்தது. சமூக ஊடகங்களில் அந்தப் பலகையின் படம் கேலிக்குரியதாகப் பரவியது. எனக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. கணினி இல்லாமலும் பணியைத் தொடரத் தெரிந்த சில ஊழியர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பலகையே சான்று.

அன்றே தேசியத் தகவலியல் மையத்தின் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை என்று ஒன்றிய அமைச்சர் அசுவினி வைஷ்ணவ் அறிவித்தார். உண்மைதான். ஆனால் நம்மவர் பலர் அதனை நம் முன்னெச்சரிக்கையின் வெற்றியாகப் படித்தார்கள். ஃபால்கன் நிறுவப்படாத கணினியில் ஃபால்கனின் பிழை நேராது, அவ்வளவே. இதே தில்லியில் 2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையின் வழங்கிகள் பணயத் தீநிரலால் பூட்டப்பட்டதை மறந்துவிடலாகாது. ஐந்து வழங்கிகள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு என்றும், வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்றும் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. புறநோயாளிச் சீட்டு முதல் ஆய்வகமுடிவு வரை எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. நிலைமை சீராக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடித்தது. எய்ம்ஸில் பாதுகாப்புப் போதவில்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் நிகழ்விலோ பாதுகாப்பே வீழ்த்தியது. இரு இடத்திலும் மீட்பு என்பது முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்ட வேலையாக இல்லை.

ஆகையால் மேம்படுத்தலையே நிறுத்திவிடுவோம் என்ற முடிவுக்கு யாரும் போய்விட வேண்டாம். விடுதிகளில் இந்த அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை தீநிரல் பிரித்தானிய மருத்துவமனைகளைப் படுக்கவைத்தபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவாமல் விட்டவர்களே மிகுதியும் சிக்கினார்கள். லினக்ஸுக்கு மாறிவிட்டால் தொல்லையில்லை என்பதும் அரை உண்மையே. க்ரவுட்ஸ்ட்ரைக்கின் இதே மென்பொருள் 2024இன் முற்பகுதியில் லினக்ஸ் கணினிகளையும் முடக்கியிருக்கிறது. நான் கட்டற்ற மென்பொருளின் பக்கம் நிற்பவன். பக்கம் நிற்பது என்பதற்காகப் பொய்க் காப்பீடு விற்க முடியாது.

என் வாதம் வேறு. ஒரு மாற்றத்தை நம் கணினிக்குள் அனுப்பும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது. அம்மாற்றம் தவறானால் அதனை நீக்கும் வலிமை நம்மிடம் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வே சிக்கலின் வேர். க்ரவுட்ஸ்ட்ரைக்கின் வாடிக்கையாளர்களில் பலர் எச்சரிக்கையானவர்கள். புதிய பதிப்பு வந்தவுடன் ஏற்காமல், ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்பது என்று தெரிவு செய்து வைத்திருந்தார்கள். அத்தெரிவு மென்பொருளின் பதிப்புக்கு மட்டுமே பொருந்தியது. சேனல் கோப்புகளுக்குப் பொருந்தவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோப்பு போயிற்று. படிப்படியாக அனுப்பும் முறையும், வாடிக்கையாளர் ஒத்திவைக்கும் உரிமையும் அதன்பிறகே வந்தன. ஒப்புதல் என்ற சொல்லை ஆய்வு அறத்தின் அடிப்படையாகக் கற்கும் நாம், இதனைக் கடந்து போவது வியப்பாக இருக்கிறது.

நம் மடிக்கணினிகளுக்கு வருகிறேன். ஃபால்கன் நம்மிடம் இல்லை. ஆனால் அதே 2024 ஜூலையில், 9ஆம் தேதி வந்த வழக்கமான விண்டோஸ் மேம்படுத்தலுக்குப் பிறகு, சில கணினிகள் பிட்லாக்கர் மீட்புத்திரையில் போய் நின்றன. ஆகஸ்ட் மேம்படுத்தல் அதைச் சரிசெய்தது. அந்த ஆகஸ்ட் 13ஆம் தேதி மேம்படுத்தலோ வேறொரு கூட்டத்தைத் தாக்கிற்று: விண்டோஸுடன் லினக்ஸையும் வைத்திருப்பவர்களை. ஆய்வு மாணவர்களில் இக்கூட்டம் சிறிதன்று. பழைய, பழுதுள்ள தொடக்க நிரல்களைத் தடுப்பதற்காக எஸ்பேட் என்னும் பட்டியலை அது புதுப்பித்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. தொட்டது. ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டு லினக்ஸ் எழ மறுத்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் நுழைந்து, மோக்யுடில் கட்டளையால் அந்தப் பட்டியலை அழித்து, மீண்டும் செக்யூர் பூட்டை இயக்க வேண்டும். இது தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. நிறுவனத்தின் முழுமையான திருத்தம் வந்தது 2025 மே மாதம். ஒன்பது மாதம் என்பது முனைவர் பட்ட உதவித்தொகையின் கணக்கில் எவ்வளவு என்பதை நம்மவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தெரியாதவருக்கு என்ன ஆகும்? நேரு பிளேஸ். அங்குள்ள பழுதுபார்ப்பவர்களின் திறமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். மதர்போர்டில் நுண்சில்லை மாற்றுபவர்களை அங்கே கண்டிருக்கிறேன். ஆனால் நீலத்திரையோடு போகிறவருக்கு முதலில் கிடைக்கும் தீர்ப்பு, "ஃபார்மட் மார்னா படேகா." ஃபார்மட் அடித்தால் கணினி எழுந்துவிடும். களப்பணிக் குறிப்புகளும் நேர்காணல் ஒலிப்பதிவுகளும் பாதி எழுதிய இயலும் எழா.

மறையாக்கம் இதனை மேலும் கடினமாக்கியிருக்கிறது. 2024 இறுதியில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், பெரும்பாலான மடிக்கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. திருட்டுக்கு எதிராக அது நல்ல காப்பு. ஆனால் திறவுகோல் எந்தக் கணக்கில் உள்நுழைந்தோமோ அந்தக் கணக்கில் போய் உட்காரும். கடைக்காரரே ஒரு மின்னஞ்சலை உருவாக்கிக் கணினியை இயக்கிக் கொடுத்திருந்தால்? எங்கள் விடுதியில் ஒரு தோழிக்கு நேர்ந்தது அதுதான். மேம்படுத்தலுக்குப் பின் திரை 48 இலக்கங்களைக் கேட்டது. அந்த மின்னஞ்சல் எது என்று கடைக்காரருக்கும் நினைவில்லை. வட்டு நலமாக இருந்தது, தரவு நலமாக இருந்தது, அவருக்கு மட்டும் அது இல்லை.

பல்கலைக்கழகங்கள் இதில் என்ன செய்கின்றன? நான் பயிலும் நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். எங்கள் ஆய்வகக் கணினிகளின் நிர்வாகக் கடவுச்சொல் ஒரேயொரு ஒப்பந்த ஊழியரிடம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து அவர் போனார். கடவுச்சொல்லும் உடன் போயிற்று. எவர் மீதும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அப்படியொரு பணியிடமே நிரந்தரமாக இல்லை. கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளுக்குச் சந்தா கட்டுகிறோம். ஆய்வேட்டைக் காப்பதற்கு ஆள் இல்லை.

தமிழகத்திலிருந்து வந்த நம்மில் பலர் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே கணினியைத் தொட்டவர்கள். அதில் விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பழுதானால் ஊரில் கடை இல்லை. பள்ளியில் ஆசிரியருக்கும் தெரியாது. பென்டிரைவில் இயங்குதளம் ஏற்றித் தாமே எழுப்பிக் கற்ற தலைமுறை அது. இந்த அறிவை நம் கல்விச் சான்றிதழ் எதுவும் குறிப்பிடுவதில்லை. ஆனால் தேர்வுக் காலத்தில் விடுதியில் நள்ளிரவில் கதவு தட்டப்படுவது அத்தகையவர்களின் அறைகளில்தான்.

துறைக் கூட்டங்களில் நாம் வலியுறுத்தக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவை எளியவை. முதலாண்டு ஆய்வுமுறையியல் பாடத்தில் மேற்கோள் காட்டும் முறைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பிற்பகலையாவது மீட்புக்கு ஒதுக்கலாம்: லைவ் யுஎஸ்பி உருவாக்குவது, அதிலிருந்து கணினியைத் தொடங்கித் தரவை வேறு வட்டுக்கு நகலெடுப்பது, மீட்புத் திறவுகோலை அச்சிட்டுப் பட்டச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைப்பது. ஆய்வகக் கணினிகள் அனைத்தையும் ஒரே நாளில் மேம்படுத்தாமல், இரண்டில் முதலில் ஏற்றி ஒரு வாரம் பார்ப்பது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் மேம்படுத்தலை ஒத்திவைக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, சமர்ப்பித்த மறுநாள் மறவாமல் ஏற்றுவது. கணினிப் பராமரிப்பாளருக்கு நிரந்தரப் பணியிடம் கேட்பது மட்டும் எளிதன்று, நிதியில்லை என்பார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 இல்லாத பழைய ஆய்வகக் கணினிகள் 11க்குத் தகுதி பெறா. அவற்றை என்ன செய்வது என்ற கோப்பு எப்படியும் நிதிக்குழுவுக்குப் போயாக வேண்டும். பணியிடக் கோரிக்கையையும் அந்தக் கோப்போடு சேர்த்தே அனுப்பலாம்.